முன்னோர் வரிசையின் சமயப் பொருள்: வயலூர்த் தூண் கல்வெட்டும் எபிரேய மறைநூலின் வம்சவரலாறுகளும்

ஆய்வுச்சுருக்கம்

எபிரேய மறைநூலில் இடம்பெறும் நீண்ட முன்னோர் பட்டியல்கள் வாசகரால் பெரும்பாலும் கடந்து செல்லப்படுபவை. ஆய்வாளர்களோ அவற்றின் வரலாற்று நம்பகத்தன்மையை மட்டுமே நெடுங்காலம் வினவி வந்தனர். செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் உள்ள வயலூரின் பல்லவர் தூண் கல்வெட்டும் பிரமன் முதல் இராசசிம்மன் வரை இத்தகைய ஒரு வரிசையைத் தருகிறது. இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்கும் இக்கட்டுரை, ஒரு வம்சவரலாற்றின் சமயப் பொருள் அது தொடங்கும் இடத்திலும், முறிந்து இணைக்கப்படும் இடத்திலும், யாரை ஏற்கிறது யாரை விலக்குகிறது என்பதிலும் அடங்கியுள்ளது என நிறுவ முற்படுகிறது. முன்னோர் வரிசை என்பது கடந்த காலத்தைப் பற்றிய பதிவாக இருப்பதோடு, நிகழ்காலச் சமூகத்தில் யார் உறுப்பினர் என்பதைப் பற்றிய தீர்ப்பாகவும் செயல்படுகிறது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: வம்சவரலாறு, தோலெதோத், வயலூர்க் கல்வெட்டு, பல்லவர், நாளாகமம், எஸ்றா, ரூத், சந்தானம்.

1. முன்னுரை

கருங்குழி, மதுராந்தகம் வட்டாரத்தில் கோயில் நன்னீராட்டு அழைப்பிதழ்களைப் பார்ப்போர் அவற்றில் 'இன்னார் வகையறா' என்னும் குறிப்பு மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். திருமணப் பேச்சிலும் முதலில் எழும் வினா வகையறாவைப் பற்றியதே. பங்காளி யார், குலதெய்வம் எது என்பன தெளிவான பின்னரே பேச்சு மேலே செல்லும். இங்கு முன்னோர் பெயர் கேட்கப்படுவது பழங்கதை அறிவதற்காக அன்று. இப்போது யாருடன் உறவு கொள்ளலாம், யாருக்கு எந்த உரிமை உண்டு என்பதை வரையறுக்கவே கேட்கப்படுகிறது. மானிடவியலார் இதனை வம்சவரலாற்றின் சமூகச் செயற்பாடு என்பர்.

இதே நோக்கில் எபிரேய மறைநூலின் பட்டியல்களை அணுகிய ஆய்வுகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்தன. மார்ஷல் ஜான்சன் 1969இல் விவிலிய வம்சவரலாறுகளின் நோக்கம் குறித்தும், இராபர்ட் வில்சன் 1977இல் விவிலிய உலகில் வம்சவரலாறும் வரலாறும் கொண்ட தொடர்பு குறித்தும் நூல்கள் வெளியிட்டனர். பண்டைய அண்மைக் கிழக்குச் சான்றுகளோடும் ஆப்பிரிக்கக் குடிகளிடையே மேற்கொள்ளப்பட்ட கள ஆய்வுகளோடும் ஒப்பிட்ட வில்சன், இத்தகைய பட்டியல்கள் சூழலுக்கேற்ப நெகிழ்பவை எனவும், வரலாற்றுப் பதிவாகவே அவை பெரும்பாலும் உருவாவதில்லை எனவும் காட்டினார். தமிழ்ச் சூழலில் இவ்வொப்பீட்டிற்கு வளமான சான்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று நம் வட்டாரத்திலேயே நிற்கிறது.

2. வயலூர்த் தூணின் பெயர் வரிசை

கருங்குழிக்குக் கிழக்கே, பாலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிக் கல்பாக்கத்தை அடுத்து அமைந்தது வயலூர். இவ்வூர்க் கோயில் தூணில் வெட்டப்பட்ட வடமொழிக் கல்வெட்டு எபிகிராபியா இண்டிகாவின் 18ஆம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டுள்ளது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் எடுப்பித்த இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மனின் காலத்தது இது.

கல்வெட்டின் பெரும்பகுதி பெயர்களால் ஆனது. பிரமன், அங்கிரசு, பிரகஸ்பதி, சம்யு, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என எழுவர் முதலில் வருகின்றனர். அவர்களைத் தொடர்ந்து பல்லவன், அசோகன், அரிகுப்தன் எனத் தொடங்கி இராசசிம்மனில் முடியும் வரிசை அமைகிறது. மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். சிம்மவர்மன், கந்தவர்மன் போன்ற பெயர்கள் பலமுறை திரும்ப வருவதால், இதனை ஆட்சி வரிசையாகக் கொண்டு காலம் கணிக்க முனைந்த வரலாற்றறிஞர்கள் பெரும் இடர்ப்பாட்டை எதிர்கொண்டனர்.

இவ்வரிசையின் தலைப்பகுதி எங்கிருந்து வந்தது என்பது சமய நோக்கில் முதன்மையான வினா. பிராகிருத மொழியில் அமைந்த முற்காலப் பல்லவச் செப்பேடுகள் அரசனைப் பாரத்துவாச கோத்திரத்தான் எனக் குறிப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன. அடுத்து வந்த வடமொழிச் செப்பேடுகள் பொதுவாகக் கொள்ளுப்பாட்டன், பாட்டன், தந்தை, தான் என நான்கு தலைமுறைகளைச் சொல்கின்றன. நீத்தார்க்கு நீர்க்கடன் ஆற்றும் தர்ப்பணத்திலும் மூன்று தலைமுறை முன்னோரே பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றனர் என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

பாரத்துவாச கோத்திரத்தார் சடங்குகளில் ஓதும் பிரவரம் ஆங்கிரச, பார்ஹஸ்பத்ய, பாரத்வாஜ என்னும் மூன்று முனிவர்தம் பெயர்களைக் கொண்டது. வயலூர் வரிசையின் தலைப்பகுதியில் அங்கிரசு, பிரகஸ்பதி, பரத்துவாசர் ஆகிய இம்மூவரும் அதே முறையில் இடம்பெறுகின்றனர். எனவே வேள்வியின்போது ஓதப்பட்ட ஒரு சடங்கு வாய்பாடே மேலே பிரமனோடும் கீழே பாரதக் கதைமாந்தரோடும் இணைக்கப்பட்டு அரச வம்சவரலாறாக விரிந்தது எனக் கருத இடமுண்டு. பட்டியலின் வேர் அரண்மனை ஆவணத்தில் இல்லை, வழிபாட்டில் உள்ளது.

பல்லவனை அடுத்து வரும் அசோகன் என்ற பெயரும் நோக்கத்தக்கது. பிற பல்லவச் சாசனங்களில் அசோகவர்மன் எனக் காணப்படும் இப்பெயர் வரலாற்று மாந்தரைக் குறிப்பதன்று, மௌரியப் பேரரசன் அசோகனின் திரிந்த நினைவே என்பது கல்வெட்டறிஞர் ஹூல்ஷின் கருத்து. அவ்வாறாயின், குருதித் தொடர்பில்லாத பேரரசன் ஒருவனும் பெருமை கருதி முன்னோனாக ஏற்கப்பட்டான் என்பது பெறப்படும்.

3. தோலெதோத்: சொல்லும் அமைப்பும்

எபிரேய மொழியில் வம்சவரலாற்றைக் குறிக்கும் சொற்களுள் தலையாயது 'தோலெதோத்'. 'பெற்றெடுத்தல்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த பன்மைப் பெயர் இது. 'பிறப்பிக்கப்பட்டவை', 'வழித்தோன்றல்கள்' என நேர்ப்பொருள் கொள்ளலாம். ஆதியாகமம் முழுவதும் இச்சொல் தலைப்பு வாய்பாடாக 11 இடங்களில் வருகிறது. அவற்றுள் ஏசாவுக்கு மட்டும் இருமுறை. நூலின் கட்டுமானமே இவ்வாய்பாட்டின்மீது எழுப்பப்பட்டுள்ளது எனலாம்.

இவ்வாய்பாடு முதன்முதலில் வானத்துக்கும் பூமிக்கும் உரியதாக வருகிறது (ஆதி. 2:4). அதன் பின்னரே ஆதாம், நோவா, நோவாவின் மக்கள், சேம், தேராகு, இஸ்மவேல், ஈசாக்கு, ஏசா, யாக்கோபு ஆகியோருக்கு அது பயன்படுத்தப்படுகிறது. உலகப் படைப்பும் குடும்பப் பிறப்பும் ஒரே சொல்லால் தலைப்பிடப்படுகின்றன. தமிழில் நெடுங்காலமாக வழங்கும் மொழிபெயர்ப்பு முதலிடத்தில் 'வரலாறு' எனவும், ஆதாமுக்கு வருமிடத்தில் 'வம்ச வரலாறு' எனவும் பெயர்க்கிறது. இரண்டும் பொருத்தமானவையே. எனினும் இரண்டும் ஒரே சொல் என்பதைத் தமிழ் வாசகர் உணர வழியில்லாமற் போகிறது. பிள்ளை பிறத்தல் என்பது படைப்புச் செயலின் தொடர்ச்சி என்னும் கருத்து மூலத்தில் சொல்லாட்சியாலேயே உணர்த்தப்படுகிறது.

வடிவ அடிப்படையில் இப்பட்டியல்களை இருவகைப்படுத்துவர். ஒரு தலைமுறைக்கு ஒருவராக இறங்கும் நேர்வரிசை ஒருவகை; ஒருவருக்குப் பிறந்த பலரையும் கிளைகளாக விரித்துச் சொல்லும் கிளைவரிசை மற்றொருவகை. நேர்வரிசை இறுதியில் நிற்பவரின் தகுதியை நிலைநாட்டுவது. கிளைவரிசை சமூகக் குழுக்களுக்கிடையிலான உறவைக் காட்டுவது. வயலூர்த் தூண் முழுமையும் நேர்வரிசை. ஆதியாகமமோ இவ்விரண்டையும் மாறி மாறிக் கையாள்கிறது.

4. இரு வரிசைகள், இரு லாமேக்குகள்

ஆதியாகமத்தின் 4ஆம் அதிகாரம் காயீனின் வழிமுறையையும், 5ஆம் அதிகாரம் சேத்தின் வழிமுறையையும் தருகின்றன. இரண்டிலும் ஏனோக்கு, லாமேக்கு என்னும் பெயர்கள் பொதுவானவை; வேறு சில பெயர்களும் ஒலியால் நெருங்கியவை. ஒரே மூலப் பட்டியல் இரு வடிவங்களில் வழங்கியிருக்கலாம் என்பது பல அறிஞர்களின் முடிவு. அம்முடிவை ஏற்றாலும், இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டதன் பொருளை விளக்க வேண்டியுள்ளது.

ஆதாமிலிருந்து எண்ணினால் காயீன் வழியில் ஏழாமவன் லாமேக்கு. தனக்காக எழுபத்தேழு மடங்கு பழிவாங்கப்படும் எனப் பெருமை பேசுபவன் அவன். சேத் வழியில் ஏழாமவன் ஏனோக்கு. இறைவனோடு நடந்து, இறப்பின்றி எடுத்துக்கொள்ளப்பட்டவன் அவன். சேத் வழியிலும் ஒரு லாமேக்கு உண்டு. அவன் வாழ்ந்த ஆண்டுகள் 777. ஆயின் அவன் வாயில் பழிச்சொல் இல்லை. சபிக்கப்பட்ட நிலத்தில் உழைத்துக் களைத்தோர்க்கு ஆறுதல் தருபவன் எனத் தன் மகனுக்கு நோவா என்று பெயரிடுகிறான். ஏழு என்னும் எண்ணும் ஒத்த பெயர்களும் வாசகரை ஒப்பிட்டுப் பார்க்கத் தூண்டுகின்றன. பட்டியலில் ஒருவர் நிற்கும் இடமே அவரைப் பற்றிய அறத் தீர்ப்பாகிறது.

5ஆம் அதிகாரத்தின் நடை ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. மகன் பிறந்தபோது தந்தையின் வயது, அதன்பின் வாழ்ந்த ஆண்டுகள், மொத்த ஆயுள், இறப்பு என ஒவ்வொருவர் வாழ்வும் சொல்லப்படுகிறது. மெத்தூசலா 969 ஆண்டுகள் வாழ்ந்தும் இறந்தான். நீண்ட ஆயுளைக் காட்டிலும் ஒவ்வொரு பத்தியின் இறுதியிலும் ஒலிக்கும் இறப்பே இவ்வதிகாரத்தின் பல்லவி. அதற்கு எதிராக நிற்பது பிறப்பு. தலைமுறை தொடர்கிறது என்பதே சாவுக்கு எதிரான விடையாக முன்வைக்கப்படுகிறது.

இங்குள்ள எண்களை வரலாற்றுக் காலக்கணிப்பாகக் கொள்வதன் இடர் பாடபேதங்களால் வெளிப்படும். படைப்பிலிருந்து பெருவெள்ளம் வரையிலான காலம் மசோரெத்திய எபிரேயப் பாடத்தின்படி 1656 ஆண்டுகள். சமாரியர் பாடத்தின்படி 1307. கிரேக்க மொழிபெயர்ப்பின்படி 2200க்கும் மேல். எழுதிப் படியெடுத்த மரபினரே தத்தம் காலக் கோட்பாட்டிற்கேற்ப எண்களை அமைத்துக்கொண்டனர் என்பது இதனால் புலனாகிறது.

5. தொடக்கம் எங்கே?

வயலூர் வரிசை பிரமனில் தொடங்குகிறது. நாளாகமத்தின் முதல் நூல் ஆதாமில் தொடங்குகிறது. இரண்டும் படைப்பின் தொடக்கத்தைத் தொடுகின்றன. எனினும் இவற்றிடையே அடிப்படை வேறுபாடு உண்டு. வயலூரில் படைப்போனே முதல் முன்னோன். அவனிடமிருந்து பிறப்பால் இறங்கி வருபவன் அரசன். எபிரேய மரபில் இறைவன் பட்டியலுக்கு வெளியே நிற்கிறான். முதற்பெயரான 'ஆதாம்' என்பது எபிரேயத்தில் 'மனிதன்' என்றே பொருள்படும். இறைச்சாயலில் படைக்கப்பட்ட ஆதாம் தன் சாயலில் சேத்தைப் பெற்றான் என 5ஆம் அதிகாரம் தொடங்குவதால், இறைச்சாயல் பிறப்பின் வழியே மனிதர் அனைவருக்கும் கைமாறுகிறது எனக் கொள்ள இடம் தருகிறது.

இவ்வேறுபாட்டின் கூர்மை பண்டைய மெசொப்பொத்தேமியச் சான்றுடன் ஒப்பிடும்போது மேலும் தெளிவாகும். சுமேரிய அரசர் பட்டியல் அரசபதவி வானிலிருந்து எரிது நகருக்கு இறங்கியதாகத் தொடங்கி, பெருவெள்ளத்துக்கு முன் பல்லாயிரம் ஆண்டுகள் ஆண்ட மன்னர்களை வரிசைப்படுத்துகிறது. ஆதியாகமத்திலும் வெள்ளத்துக்கு முன் நெடுநாள் வாழ்ந்த பதின்மர் வருகின்றனர். அவருள் ஒருவர்கூட அரசர் அல்லர். பிள்ளைகளைப் பெற்று, வாழ்ந்து, இறந்த மனிதர்கள் அவர்கள். வயலூர்த் தூணைச் சுமேரியப் பட்டியலின் அருகே எளிதில் வைக்கலாம். ஆதியாகமம் 5ஐ அவ்வாறு வைத்தல் இயலாது.

10ஆம் அதிகாரத்தில் நோவாவின் மூன்று மக்கள் வழியே உலக இனங்கள் கிளைக்கின்றன. யூத மரபு இவற்றை எழுபது எனக் கணக்கிடும். எகிப்து, கானான், அசீரியா, பாபேல் ஆகியனவெல்லாம் இதில் இடம்பெறுகின்றன. இஸ்ரவேல் என்னும் பெயர் இதில் இல்லை. ஒரு மக்கள் தம் மறைநூலில் உலக இனங்களை எண்ணும்போது தம் பெயரை எழுதாமல், தம் பகைவரையும் உறவினராக எழுதியிருப்பது கருதத்தக்கது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, முதல் மனிதன் ஒருவனாகவே படைக்கப்பட்டதற்கு ஒரு காரணம் கூறுகிறது: தன் தந்தை பிறன் தந்தையினும் பெரியவன் என எவரும் சொல்லலாகாது என்பதே அது. வம்சவரலாற்றின் வழக்கமான பயனை அதன் முதற்பெயரைக் கொண்டே மறுக்கும் விளக்கம் இது.

இதனால் எபிரேயப் பட்டியல்கள் பொதுமையை மட்டுமே பேசுகின்றன எனக் கொள்ளலாகாது. சேமிலிருந்து ஆபிராம்வரை பத்துத் தலைமுறைகளாக வரிசை குறுகுகிறது. ஈசாக்கு, யாக்கோபு எனத் தெரிவு தொடர்கிறது. ஆனால் ஈசாக்கின் தோலெதோத்துக்கு முன் இஸ்மவேலின் தோலெதோத்தும், யாக்கோபின் தோலெதோத்துக்கு முன் ஏசாவின் தோலெதோத்தும் வைக்கப்படுகின்றன. தெரிவு செய்யப்படாத மகனுக்கும் தனி வரலாறு எழுதிய பின்னரே நூல் மேற்செல்கிறது.

6. முறிவும் இணைப்பும்

வம்சவரலாறு தன் இயல்பை மிகத் தெளிவாக வெளிப்படுத்துவது வரிசை முறியும் இடத்தில்தான். பல்லவ மரபில் அத்தகைய முறிவு இராசசிம்மனின் மகன் இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பின் நேர்ந்தது. அடுத்து அரியணை ஏறிய இரண்டாம் நந்திவர்மன் குடிகளால் தெரிந்தெடுக்கப்பட்டவன் எனக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அவனுடைய 22ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட இச்செப்பேடு, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன், புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன் எனக் கிளைவழி ஒன்றைக் காட்டி நந்திவர்மனை அதன் ஆறாம் தலைமுறையில் நிறுத்துகிறது. காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயில் சிற்பத் தொகுதியும் இவ்வரலாற்றைச் சொல்கிறது. ஆனால் உதயேந்திரம் செப்பேடு அவனை இரண்டாம் பரமேசுவரவர்மனின் மகன் என்றே குறிக்கிறது. ஒரே அரசன் ஓர் ஆவணத்தில் தெரிந்தெடுக்கப்பட்டவன். மற்றோர் ஆவணத்தில் மகன்.

இதற்கு நிகரான சான்று எபிரேய மறைநூலில் உண்டு. பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பியோரை வழிநடத்திய செருபாபேல், எஸ்றா, ஆகாய் ஆகிய நூல்களில் சலாத்தியேலின் மகன் எனப்படுகிறான். 1 நாளாகமம் 3ஆம் அதிகாரமோ அவனைப் பெதாயாவின் மகன் என்கிறது. பிள்ளையின்றி இறந்தவனின் பெயர் அழியாதிருக்க உடன்பிறந்தான் அவன் மனைவியை மணந்து வழித்தோன்றலைத் தரும் வழக்கத்தால் (உபா. 25:5-10) இதனை விளக்குவோர் உளர். எவ்வாறாயினும், தாவீதின் வழி அறவில்லை என்பதே இரு வடிவங்களும் வலியுறுத்தும் செய்தி.

சாமுவேலின் நிலையும் இத்தகையதே. 1 சாமுவேல் நூல் அவன் தந்தை எல்க்கானாவை எப்பிராயீமைச் சார்ந்தவனாகக் காட்டுகிறது. 1 நாளாகமம் 6ஆம் அதிகாரம் அவனை லேவியர் வரிசையில் வைக்கிறது. ஆலயத்தில் பணிசெய்து பலியிட்டவன் லேவியனாகவே இருத்தல் வேண்டும் என்னும் பிற்கால நெறி இங்கு முன்னோர் வரிசையாக எழுதப்பட்டுள்ளது. பணி பிறப்பைத் தீர்மானித்திருக்கிறது எனலாம்.

இவ்வகையில் வியப்பூட்டுவது யூதா குலப் பட்டியலில் வரும் சேசான் என்பவனின் குறிப்பு (1 நாளா. 2:34-35). அவனுக்கு ஆண்மக்கள் இல்லை. எனவே யர்கா என்னும் தன் எகிப்திய அடிமைக்கு மகளை மணம் முடித்துக் கொடுத்தான். அவ்விணையின் பிள்ளைகளே அடுத்துவரும் பதின்மூன்று தலைமுறைகளின் மூலமாக எண்ணப்படுகின்றனர். எகிப்தில் அடிமைகளாயிருந்த மக்களின் அரச குலத்திலேயே ஓர் எகிப்திய அடிமை முன்னோனாக நிற்கிறான். நாளாகம ஆசிரியர் இதனை மறைக்கவில்லை.

7. விலக்கும் பட்டியலும் ஏற்கும் பட்டியலும்

கி.மு. 586இல் எருசலேம் ஆலயம் அழிந்தது. பாரசீக மன்னன் கோரேசின் ஆணையால் கி.மு. 538ஐ ஒட்டிச் சிறையிருப்போர் திரும்பத் தொடங்கினர். அரசும் ஆலயமும் இல்லாத நிலையில் 'நாம் யார்' என்பதற்குச் சான்றாக எஞ்சியவை பெயர்ப் பட்டியல்களே. 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் முழுமையும் இத்தகைய பட்டியல்களாக அமைந்ததன் தேவை இங்கே விளங்கும். ஆதாமில் தொடங்கும் அந்நெடு வரிசை, எருசலேமில் மீண்டும் குடியேறியோரின் பெயர்களில் வந்து முடிகிறது. சிதறிய சிறு கூட்டத்தாரிடம், படைப்பின் தொடக்கம் முதல் உங்கள் பெயர் மறக்கப்படவில்லை என அது சொல்கிறது.

அதே காலச் சூழலில் பட்டியல் வேறொரு வகையிலும் பயன்பட்டது. திரும்பி வந்தோருள் தெலாயா, தொபியா, நெகோதா ஆகியோரின் வழிவந்த 652 பேர் தாம் இஸ்ரவேலரா என்பதைக் காட்ட இயலவில்லை. ஆசாரியர் சிலரும் தம் பெயரை வம்ச அட்டவணையில் தேடிக் காணாமையால் ஆசாரியப் பணிக்குத் தகாதவர் என விலக்கப்பட்டனர் (எஸ்றா 2:59-63). அவர்களுள் ஒரு குடும்பம் மனைவி வழியில் பர்சிலா என்னும் பெயரைத் தாங்கியது. மற்றொன்று கோஸ் எனப்படும் அக்கோஸ் குடும்பம். ஊரீம், தும்மீம் என்னும் திருச்சீட்டுகளைக் கொண்டு இறைத்தீர்ப்புப் பெறும் ஆசாரியன் தோன்றும்வரை அவர்கள் மகா பரிசுத்தமானவற்றை உண்ணலாகாது என ஆளுநர் ஆணையிட்டார். ஏடு இல்லாமையால் ஒரு குடும்பத்தின் வழிபாட்டு உரிமையும் வாழ்வுக்கான உணவும் நிறுத்தப்பட்டன. அட்டவணை ஒன்று எத்துணை வலிமையுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் மறைநூல் இத்தீர்ப்போடு முடியவில்லை. 1 நாளாகமம் 24ஆம் அதிகாரத்தில் தாவீது வகுத்ததாகச் சொல்லப்படும் 24 ஆசாரிய முறைமைகளுள் ஏழாவதற்கு அக்கோஸ் என்னும் பெயரே உரியதாக உள்ளது. எருசலேம் மதிலைக் கட்டியோர் பட்டியலில் கோசின் பெயரனான மெரெமோத் இருமுறை இடம்பெறுகிறான் (நெகே. 3:4, 21). ஓர் ஏட்டில் காணப்படாத பெயர் மற்றோர் ஏட்டில் உரிய மதிப்புடன் நிற்கிறது.

ரூத் நூலின் இறுதியில் உள்ள ஐந்து வசனங்கள் இவ்விவாதத்திற்குள் மேலும் ஆழமாகச் செல்கின்றன. மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்கு உட்படலாகாது என உபாகமம் 23:3 விதிக்கிறது. ரூத் மோவாபியப் பெண். அவளை மணந்த போவாஸ், பேரேசில் தொடங்கும் வரிசையில் ஏழாமிடத்திலும், அவர்களின் கொள்ளுப்பேரன் தாவீது பத்தாமிடத்திலும் வைக்கப்பட்டுள்ளனர். விலக்கின் எல்லையாகச் சொல்லப்பட்ட 'பத்து' என்னும் எண்ணே இஸ்ரவேலின் தலைசிறந்த அரசன் நிற்கும் இடமாகிறது. அயலினப் பெண்களை விலக்கிய எஸ்றாவின் காலக் கொள்கைக்கு மறுமொழியாகவே ரூத் நூல் இயற்றப்பட்டது எனக் கருதும் அறிஞர் உளர். நூலின் காலம் பற்றிய கருத்துவேறுபாடு ஒருபுறமிருக்க, மறைநூல் தொகுப்பு இரு குரல்களையும் காத்து வைத்துள்ளது என்பது மறுக்கவியலாதது. பிற்காலத்தில் மத்தேயு நற்செய்தி தன் வம்சவரலாற்றில் ரூத்தையும் தாமார், ராகாப் ஆகியோரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது இரண்டாம் குரலின் தொடர்ச்சியாகும்.

8. குருதி சாராத வழிமுறை

முன்னோர் வரிசை குருதியைக் கடந்து செல்லக்கூடும் என்பதைத் தமிழ்ச் சமய மரபும் அறிந்துள்ளது. சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவாசாரியார் ஆகிய நால்வரும் சந்தான குரவர் எனப்படுவர். 'சந்தானம்' என்பது பிள்ளைப்பேற்றையும் வழித்தோன்றலையும் குறிக்கும் சொல். தோலெதோத்துக்கு மிக நெருங்கியது. ஆனால் இந்நால்வரிடையே பிறப்புத் தொடர்பு இல்லை. மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்த அருணந்தியாரே, வயதில் மிக இளையவரான மெய்கண்டாருக்கு மாணாக்கரானார் என்பது மரபு வரலாறு. குலத்தால் அமைந்த குரு மாணாக்கன் உறவு ஞானத்தால் தலைகீழாகிறது. வைணவத்தின் குருபரம்பரையும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கது.

எபிரேய மறைநூலில் இத்திசையில் மிகத் தொலைவு செல்வது ஏசாயா 56ஆம் அதிகாரம். உபாகமத்தின் அதே பகுதியில் சபையிலிருந்து விலக்கப்பட்ட அண்ணகருக்கு, பிள்ளைகள் இருந்து நிலைபெறும் பெயரைவிடச் சிறந்த, அழியாத பெயரொன்று இறைவனின் ஆலயத்துக்குள்ளேயே வழங்கப்படும் என அது உறுதி கூறுகிறது. அந்நியரும் ஏற்கப்படுவர் என்கிறது. வழித்தோன்றலால் மட்டுமே பெயர் நிற்கும் என்னும் வம்சவரலாற்றின் அடிக்கருத்து இங்கு மறைநூலுக்குள்ளிருந்தே கேள்விக்குள்ளாகிறது.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வயலூர் வரிசையும் எபிரேய வம்சவரலாறுகளும் தத்தம் சமயப் பின்புலத்திலிருந்து பிரித்துப் படிக்கத்தக்கன அல்ல. முன்னதன் வேர் வேள்வியில் ஓதப்படும் பிரவரத்திலும், பின்னதன் வேர் படைப்பைப் பற்றிய நம்பிக்கையிலும் உள்ளன. இவற்றை மெய்ப்பட்டியல், பொய்ப்பட்டியல் என மட்டும் தரம்பிரிப்பது அவை உருவாக்கப்பட்ட நோக்கத்தைத் தவறவிடும்.

இரண்டாவது, தொடக்கப் புள்ளியே பட்டியலின் சமயப் பொருளை முடிவு செய்கிறது. படைப்போனையே முன்னோனாகக் கொண்ட வரிசை ஒருவனை உயர்த்துகிறது. மனிதனை முன்னோனாகக் கொண்ட வரிசை, பின்னர் எவ்வளவு குறுகினாலும், அனைவரும் ஒரு தந்தையின் மக்கள் என்னும் தன் முதல் வரியை அழித்துவிட இயலாது.

மூன்றாவது, பட்டியலின் உண்மையான பணி முறிவுகளில் வெளிப்படுகிறது. நந்திவர்மனுக்கு ஒரு கிளைவழி எழுதப்பட்டது. எகிப்திய அடிமை யர்காவுக்கு யூதா குலத்தில் இடம் எழுதப்பட்டது. கோசின் மக்களுக்கு முதலில் எழுதப்படாமலும் பின்னர் எழுதப்பட்டும் இருந்தது. ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தோர் அக்காலத்தில் வாழ்ந்த மனிதர்களே. முன்னோர் பெயரால் ஒருவருக்கு உரிமை வழங்கப்படும்போதும் மறுக்கப்படும்போதும், அம்முடிவு முன்னோருடையது என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. அது பட்டியலைக் கையில் வைத்திருப்போரின் பொறுப்பு. நம் ஊர்க் கோயில் அழைப்பிதழில் வகையறாக்களின் பெயர்கள் வரிசைப்படுத்தப்படும்போதும் இது பொருந்தும்.

வயலூர், காசாக்குடி, உதயேந்திரம், திருவாலங்காடு முதலிய சாசனங்களின் வம்சவரலாற்றுப் பகுதிகளை ஆட்சி வரிசை காண்பதற்கான கருவியாக மட்டுமின்றிச் சமய இலக்கிய வகையாகவும் ஆராய்தல் வேண்டும். இருங்கோவேளின் முன்னோர் நாற்பத்தொன்பது தலைமுறையினர் எனப் பேசும் புறநானூறு 201ஆம் பாடலும், கம்பராமாயணத்தின் குலமுறை கிளத்து படலமும் அவ்வாய்வில் இணைத்து நோக்கத்தக்கன.